கிரேஹவுண்ட் அட்டை சேர்க்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, அந்தக் காலத்தில் சிகரெட் பொட்டலங்களுக்குள் வைத்துக்கொடுத்த, அந்த இனத்தின் படம் போட்ட பழைய சிகரெட் அட்டைகளையும் சேர்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். எதில் தொடங்குவது, எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற இரண்டு கேள்விகளும் வேறு பலருக்கும் வரக்கூடியவை. அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ப்பது கம்பெனிகள் எண் போட்டு வெளியிட்ட முழுத் தொகுப்புகளை அல்ல, ஒரு நாயினத்தை. இந்தத் துறையில் பெரும்பாலோர் ஒரு தொகுப்பை எடுத்து 1 முதல் 50 வரை நிரப்புவதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். வியாபாரிகளும் முழுத் தொகுப்பைத்தான் முன்னால் நீட்டுவார்கள். ஆனால் பொதுவான நாய்த் தொகுப்பு ஒன்றில் உங்களுக்கு வேண்டிய அட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதற்காக ஸ்பானியலும் பூடுலுமாக மீதி 49ஐயும் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. உதிரி அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிட்டனில் அதை 'ஆட்ஸ்' என்பார்கள். நல்ல வியாபாரிகளின் பட்டியலில் தொகுப்பு விலைக்குப் பக்கத்திலேயே உதிரி விலையும் இருக்கும். தொகுப்பின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டும் கூடுதல் விலை சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. சிறுவர்கள் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்தார்கள். மேலேயும் கீழேயும் இருந்த அட்டைகளே அழுக்கும் வடுவும் வாங்கின. அதனால் அந்த எண்களில் நல்ல அட்டை கிடைப்பது அரிது.

இந்த அட்டைகள் எப்போது வந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மெல்லிய காகிதப் பொட்டலத்தில் சிகரெட் நசுங்காமலிருக்க வைத்த விறைப்பு அட்டையில்தான் இது ஆரம்பித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கம்பெனிகள் அதில் படம் அச்சிட்டன. பிரிட்டனில் வில்ஸ், பிளேயர் போன்ற புகையிலைக் கம்பெனிகள் தொடர்ந்தன. முதல் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து 1917இல் நின்றது, 1922இல் மீண்டும் தொடங்கியது, 1940இல் மறுபடி நின்றது. ஆகவே பிரிட்டிஷ் சிகரெட் அட்டையில் கிரேஹவுண்ட் என்றால் அது 1917க்கு முந்தையது, இல்லையென்றால் 1922க்கும் 1940க்கும் இடைப்பட்டது. '1919ஆம் வருட அட்டை' என்று யாராவது சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கிரேஹவுண்டைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு. வேறு எந்த இனத்துக்கும் இல்லாத ஒரு பிளவு இதன் அட்டைகளில் இருக்கிறது. 1926 வரை இங்கிலாந்தில் கிரேஹவுண்ட் என்றால் முயல் விரட்டும் நாய், கண்காட்சி நாய். லிவர்பூலுக்கு அருகே ஆல்ட்காரில் 1836 முதல் நடந்த முயல் விரட்டும் போட்டியான வாட்டர்லூ கோப்பைதான் அதன் பெரிய மேடை. அங்கே மூன்று முறை வென்ற மாஸ்டர் மெக்ராத் போன்ற சில நாய்களின் பெயர்கள் ஊரறிந்தவை. ஆனாலும் பழைய நாய்த் தொகுப்புகளில் கிரேஹவுண்ட் இனத்தின் மாதிரியாகத்தான் நிற்கும். பிறகு 1926 ஜூலை 24ஆம் தேதி மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் இயந்திர முயலைத் துரத்தும் பந்தயம் நடந்தது. முதல் ஓட்டத்தில் வென்றது மிஸ்ட்லி என்ற நாய். அடுத்த ஆண்டே லண்டன் ஒயிட் சிட்டிக்குப் பந்தயம் வந்துவிட்டது, ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. புகையிலைக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஆக்டன்ஸ் 1927இல் 25 அட்டை, 1928இல் இரண்டாம் வரிசையாக 25 அட்டை என்று கிரேஹவுண்ட் பந்தயத் தொகுப்பு வெளியிட்டது. சர்ச்மேன் 1934இல் பந்தயக் கிரேஹவுண்டுகளை மட்டுமே வைத்து 50 அட்டை போட்டது. பி. மாரிஸ் 1939இல் 25 போட்டது. இந்த நான்கும் சேர்ந்து 125 அட்டை. முழுத் தொகுப்பாக வாங்கத் தகுந்தவை உங்களுக்கு இவை மட்டுமே.

மற்றவற்றுக்கு உதிரிதான். எந்த வரிசையில் தேடலாம் என்று சொல்கிறேன். எளிதில் கிடைப்பவை பிளேயரின் 1929, 1931 தொகுப்புகள், இரண்டும் ஐம்பது ஐம்பது அட்டை. முன்னதில் நாய்களின் தலை மட்டும், பின்னதில் முழு உடல். ஓவியர் ஆர்தர் வார்டில். விலங்கு ஓவியத்தில் அன்று பெரிய பெயர், அது அட்டையிலும் தெரியும். அடுத்து கேலஹரின் 1934 தொகுப்பு (24 அட்டை), 1938 தொகுப்பு (48). சீனியர் சர்வீஸ் 1939இல் 48 நாய்களை நிஜப் புகைப்படமாகவே தந்தது. 1917க்கு முந்தையதற்குப் போனால் கையிருப்பு குறைவு, விலை அதிகம். வில்ஸ் 1914லும் 1915லும் தலா 25 பெரிய அட்டை போட்டது. அமெரிக்காவில் குட்வின் 1890இல் உலக நாய்கள் என்று 50 வெளியிட்டது. எந்தத் தொகுப்பானாலும் கிரேஹவுண்ட் எத்தனையாவது எண் என்று பட்டியலில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். எல்லா இனமும் எல்லாத் தொகுப்பிலும் இருக்காது. நியூயார்க் பொது நூலகம் தன் ஆரன்ட்ஸ் சேகரிப்பிலுள்ள சிகரெட் அட்டைகளை முன்னும் பின்னுமாக ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே நல்ல இடம்.

படத்தை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். தலை மட்டும் உள்ள அட்டையில் அளவு தெரியாது. அதனால் சிறிய இனங்களான விப்பெட்டும் இத்தாலியன் கிரேஹவுண்டும் கிரேஹவுண்ட் போலவே தோன்றும். ஸலூக்கிக்குக் காதில் தொங்கும் நீண்ட முடி, போர்ஸாய்க்குச் சற்றே வளைந்த நீள மூக்கும் அடர்ந்த முடியும், டீர்ஹவுண்டுக்குச் சொரசொரப்பான தாடி. இவற்றைப் பிரிப்பது எளிது. விப்பெட்டைப் பிரிக்கத் தலைப்பு எழுத்து ஒன்றே துணை. இணைய விற்பனையில் 'கிரேஹவுண்ட்' என்று தேடினால் விப்பெட் அட்டை நிறைய வரும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கே தெரிவதில்லை. பின்பக்கப் படம் கேளுங்கள், பெயரும் எண்ணும் அங்கேதான் இருக்கும்.

அட்டை கைக்கு வந்ததும் அளந்து பாருங்கள். வழக்கமான சிறிய அட்டை ஏறக்குறைய 36 மி.மீ. அகலம், 68 மி.மீ. உயரம். பெரியது ஏறக்குறைய 62க்கு 80. அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பது அந்தக் கால வெட்டில் சகஜம். ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்தால் யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். மழுங்கிய மூலையை மறைக்க இப்படிச் செய்வதுண்டு. ஸ்கேலை விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. அதே தொகுப்பின் மலிவான உதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து மேசையில் தட்டி, நான்கு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் ஓரம் படிக்கட்டுபோல் தட்டும், விரலே சொல்லிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: படத்தைச் சுற்றிய வெள்ளைக் கரை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் அது தொழிற்சாலை வெட்டின் கோணல்தான். அளவு சரியாக இருந்தால் அது சீவிய அட்டை ஆகாது.

மறுபதிப்புகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். புகழ்பெற்ற தொகுப்புகள் பல 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டபூர்வமாகவே மீண்டும் அச்சிடப்பட்டன. பின்பக்கம் கீழே சின்ன எழுத்தில் மறுபதிப்பு என்றோ பதிப்பாளர் பெயரோ இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் பின்பக்கம் தெரியாது. அங்கேதான் வாங்குபவர் மோசம் போகிறார். ஆகவே சட்டத்திலிருந்து எடுக்காத அட்டையை அசல் விலைக்கு வாங்காதீர்கள். கையில் ஒரு சின்ன யூவி டார்ச் இருக்கட்டும், 365 நானோமீட்டர் என்று போட்டது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகக் கலக்கப்பட்டது. இருட்டறையில் ஒளி பட்டதும் அட்டை நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் அது 1931இன் அட்டையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய அட்டை மங்கலாக, பழுப்பாக அடங்கிக் கிடக்கும். ஆனால் பழைய அட்டையைச் சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் யாராவது கழுவியிருந்தால் அதுவும் மின்னும். அதனால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்தாமல் 10 மடங்கு லென்ஸில் அச்சையும் பாருங்கள். போருக்கு முந்தைய கல்லச்சில் (லித்தோகிராஃபியில்) புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்தாற்போல் இருக்கும். இக்கால மறுபதிப்பில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜாப்பூ வட்டங்களாக வரிசைகட்டி நிற்கும். 1930களின் தொகுப்புகள் சிலவற்றிலும் ஒழுங்கான புள்ளி வலை உண்டு. ஆகவே புள்ளி வரிசையைக் கண்டதுமே போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆல்பத்தில் ஒட்டிய அட்டைகள் நிறைய வரும். 1930களில் கம்பெனிகளே ஒரு பென்னிக்கு ஆல்பம் விற்றன, பின்பக்கம் பசை தடவிய அட்டையும் கொடுத்தன. பிள்ளைகள் நாக்கால் நனைத்து ஒட்டினார்கள். ஒட்டிய அட்டையின் மதிப்பு ஒட்டாததில் ஒரு சிறு பங்குதான். முழு ஆல்பமும் நிறைந்திருந்தால் ஆல்பமாகவே விட்டுவிடுங்கள், பிய்த்தால் இரண்டும் கெடும். கிழிந்த ஆல்பத்தில் கிரேஹவுண்ட் ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால் எடுக்கலாம். முதலில் வேண்டாத அட்டை ஒன்றில் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அட்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு ஆல்பத் தாளை வெட்டுங்கள். படம் கீழே பார்க்க, உலர்ந்த ஒற்றுத்தாளின் (பிளாட்டிங் பேப்பர்) மேல் வையுங்கள். ஈரத்தைப் பிழிந்த ஒற்றுத்தாள் ஒன்றை ஆல்பத் தாளின் பக்கம் மட்டும் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி அரை மணி நேரம் விடுங்கள். பசை இளகியதும் ஆல்பத் தாளைத்தான் அட்டையிலிருந்து உரிக்க வேண்டும். அட்டையை இழுத்தால் முதுகில் மெல்லிய பள்ளம் விழும், அதற்கு மருந்தில்லை. வரவில்லையென்றால் மறுபடி ஈரம் காட்டுங்கள், கத்தியை நுழைக்காதீர்கள். பிறகு உலர்ந்த ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம். சில மணி நேரத்தில் தாளை மாற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். இஸ்திரிப்பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். சீனியர் சர்வீஸ் போன்ற புகைப்பட அட்டைகளில் இந்த வேலை கூடவே கூடாது. புகைப்படத்தின் மேலுள்ள ஜெலட்டின் ஈரம் பட்டால் ஒற்றுத்தாளோடு ஒட்டிப் படமே உரிந்து வந்துவிடும்.

வைத்திருக்கப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைத்தாள் வாங்குங்கள். பி.வி.சி. வேண்டாம். அதை வளையவைக்கக் கலக்கும் எண்ணெய்ப் பொருள் ஆண்டுகள் போகப்போகக் கசிந்து அச்சில் ஒட்டும். பரண், ஈரச்சுவர் பக்கம் வைக்காதீர்கள். பழுப்புப் புள்ளிகள் வருவதற்கு ஈரம் ஒரு முக்கியக் காரணம். சுவரில் மாட்ட ஆசையென்றால் அசலை உறையில் வைத்துவிட்டு நல்ல வண்ண நகலை மாட்டுங்கள்.

ஒவ்வொரு அட்டைக்கும் கம்பெனி, தொகுப்பு, ஆண்டு, எண், அளவு, தரம், வாங்கிய இடம், விலை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், முதுகையும் ஸ்கேன் செய்துவையுங்கள். பின்பக்க வாசகத்தை வரிசையாகப் படித்தால் இந்த இனம் எதற்காகப் பாராட்டப்பட்டது என்பது 1914க்கும் 1934க்கும் நடுவே எப்படி மாறியது என்று புரியும். இனவாரியாகச் சேர்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் வாசிப்பு இது.

கடைசியாக, இணையத்தில் ஒருவர் 'மிக் த மில்லர், ஆக்டன்ஸ் 1927' என்று போட்டிருக்கும் அட்டையை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மிக் 1926இல் அயர்லாந்தில் பிறந்த நாய். இங்கிலாந்தில் புகழ் பெற்றது டெர்பி என்ற பெரிய கிரேஹவுண்ட் பந்தயத்தை 1929இல் வென்ற பிறகு, 1930இலும் வென்றது. 1927இல் அது குட்டி, அந்த ஆண்டுத் தொகுப்பில் அதற்கு இடமிருக்க வழியே இல்லை. வேறு நாயின் அட்டையாக இருக்கலாம், வேறு தொகுப்பாக இருக்கலாம், மறுபதிப்பாகவும் இருக்கலாம். பின்பக்கத்தை ஓரம் நான்கும் தெரியும்படி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைக்கச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். அனுப்பினால் எனக்கும் ஒரு பிரதி போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்