சைகோனில் ஒரு கம்போடியச் சந்தை

ஹோ சி மின் நகரம் (பழைய சைகோன்)
நவம்பர் 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடு. கயல்விழி கல்லூரியில் சேர்ந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டாயே, என்ன படிக்கிறாள், வீட்டிலிருந்து போகிறாளா, விடுதியா? இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்.

என் வேலை வழக்கம்போல நடக்கிறது, சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. மழை ஓய்ந்து வருவதால் மாலையில் நடக்க முடிகிறது. அப்படி நடந்து போய்ப் பார்த்த ஒரு சந்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன்னைவிட அம்மாவுக்குத்தான் இது என்று வைத்துக்கொள், படித்துக் காட்டு.

பழைய 10ஆம் மாவட்டத்தில் லெ ஹொங் ஃபோங் என்று ஒரு தெரு. கடந்த ஜூலையில் இந்த நகரத்தோடு பக்கத்து இரண்டு மாகாணங்களைச் சேர்த்து, மாவட்டங்களையே கலைத்துவிட்டார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் எல்லாரும் இன்னும் பழைய எண்ணைச் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள். அந்தத் தெருவிலிருந்து பிரியும் சந்துகளில் கம்போடியச் சந்தை இருக்கிறது. மறுபக்கம் ஹோ தி கீ பூச்சந்தை. தா லாத் மலையிலிருந்தும் மேகோங் கழிமுகத்திலிருந்தும் பூக்கள் இரவில் அங்கே வந்து இறங்குகின்றன. பூச்சந்தையின் ஈரத்தையும் வாசனையையும் தாண்டி நாலு அடி வைத்தால் காற்று மாறிவிடுகிறது. கருவாடு, புகையில் வாட்டிய மீன், புளித்த மீன். உனக்கு உடனே புரிந்திருக்கும். உங்கள் வியாசர்பாடி வீட்டில் அம்மா ஙப்பி ஜாடியை, அதுதான் பர்மாவிலிருந்து கூடவே வந்த அந்தப் புளித்த மீன் விழுதை, திறந்தால் மாடிப்படி வரை வருமே, அதே வாசனை!

இங்கே அதற்குப் பெயர் பிரஹோக். கம்போடியாவின் டோன்லே சாப் ஏரி மீனில் செய்வது. மழைக்காலத்தில் மேகோங் பெருகும்போது அந்த ஏரியின் ஆறு எதிர்த்திசையில் பாய்ந்து ஏரியை நிரப்புகிறது. கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவில் கிடக்கும் ஏரி அப்போது பல மடங்கு விரிகிறது. மழை நின்றதும் ஆறு மறுபடி திரும்புகிறது, ஏரியில் வளர்ந்த மீனெல்லாம் நீரோடு இறங்கி வலையில் விழுகிறது. தின்று தீராத சின்ன மீன்களை மிதித்து, உப்பிட்டு, ஜாடியில் அடைத்துவிடுகிறார்கள். இப்போது விற்பது போன வருடத்துச் சரக்கு, புதியது ஜனவரிக்கு மேல்தான் வரும் என்று ஒரு கடைக்காரம்மா சொன்னார்.

மூங்கில் குச்சியில் வரிசையாகக் கோத்துப் புகையில் வாட்டிய மீன், மாட்டிறைச்சித் தொத்திறைச்சி, கம்போடியாவின் கம்போட் பகுதி மிளகு, தாய்லாந்திலிருந்து கம்போடியா வழியாக வரும் சோப்பும் சாமான்களும் என்று கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பனைவெல்லம் இருக்கிறது, ஓலையில் பொதிந்து. பருவத்தில் வேப்பங்கொழுந்தும் பூவும் கட்டுக்கட்டாக வருமாம், கருவாட்டோடும் புளியோடும் சேர்த்துப் பச்சடி போலச் செய்வார்களாம். கம்போடியாவில் பனை தேசிய மரம். கம்போங் ஸ்பூ பகுதிப் பனைவெல்லத்துக்கு 2010இல் புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். நம் கருப்பட்டியைவிட நிறமும் காரமும் குறைவு, மணம் மட்டும் அதேதான்.

ஆனால் நான் எழுத வந்தது சாமான்களைப் பற்றி அல்ல. இந்தச் சந்தையை நடத்துகிறவர்கள் கம்போடியாவின் கெமர் மக்கள் அல்ல, செல்வம். வியட்நாமியர். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை ஆண்ட காலத்தில் இவர்களுடைய முன்னோர்கள் கம்போடியாவுக்குப் போனார்கள். சிலர் அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாக, சிலர் ரப்பர் தோட்டக் கூலிகளாக, பலர் டோன்லே சாப்பில் மீனவர்களாக. தலைமுறைகள் கடந்து அதுவே ஊராகிவிட்டது. 1970 மார்ச் 18ஆம் தேதி கம்போடியாவில் தளபதி லோன் நோல் தரப்பினர் நாட்டுத் தலைவர் சிகானூக்கின் பதவியைப் பறித்தார்கள். அதைத் தொடர்ந்து வியட்நாமியர்கள் மீது வெறி திருப்பிவிடப்பட்டது. மேகோங்கில் பிணங்கள் மிதந்து வந்தன. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 2 லட்சம் பேர் தெற்கு வியட்நாமுக்கு வந்து சேர்ந்தார்கள். கம்போடியாவிலேயே தங்கியவர்களை 1975இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் விரட்டியது. அதன் பிறகும் தங்கியவர்கள் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்தச் சந்துகளில் குடியேறி, 70களில் கடை விரித்தார்கள். நான் நூடுல்ஸ் சாப்பிட்ட கடையின் பாட்டி புனோம் பென்னில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஆற்று வழியாகக் கப்பலில் வந்தாராம். என் அலுவலக நண்பர் மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தபோது அந்நியர்கள் என்றார்கள், இங்கே வந்தபோது கம்போடியாக்காரர்கள் என்றார்கள் என்று அவர் சொன்னபோது உன் அப்பாவின் குரலே எனக்குக் கேட்டது. ரங்கூனில் கலா (இந்தியர்களை அங்கே இளக்காரமாக அழைக்கும் பெயர்), சென்னையில் பர்மாக்காரன் என்று அவர் சொல்வாரே. பக்கத்துக் கடைப் பெண்ணோடு அந்தப் பாட்டி கெமர் மொழியில்தான் பேசினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் சிரிக்கும்போது அந்த மொழிதான் அவருக்கு முதலில் வருகிறது.

அவர் தந்த நூடுல்ஸ் பற்றி அம்மாவுக்குச் சொல். மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், மஞ்சள், பிரஹோக் எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, பச்சை வாழைப்பூவை மெலிதாக அரிந்து போட்டுக் கொடுக்கிறார்கள். பர்மாவின் மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவுக்கு உடன்பிறப்பு என்றே சொல்வேன். அம்மா வாழைத்தண்டு போடுவார், இவர்கள் வாழைப்பூ. கடலைமாவு இல்லாததால் குழம்பு நீர்த்திருக்கிறது. முடிவில் பரங்கிக்காய்க்குள் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு, ஐஸும் நுங்கும் சேர்த்து ஒரு கிண்ணம். அதை மட்டும் சாப்பிடவே ஒரு கூட்டம் வருகிறது.

அன்றிலிருந்து நம் சென்னை பர்மா பஜாரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதுவும் துரத்தப்பட்டு வந்தவர்கள் கட்டியதுதானே. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதும் உன் தாத்தா குடும்பம் கப்பலேறியது. ஆனால் பஜாரில் பர்மாவிலிருந்து வந்த பொருள் என்று ஏதாவது பார்த்திருக்கிறாயா? கால்குலேட்டர், கேசட், பிறகு செல்போன். பர்மா என்பது கடற்கரைப் பக்கத்தில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளில் மட்டும் மிஞ்சியது. இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம் சாலை என்று எனக்குத் தோன்றுகிறது. கம்போடியாவுக்குப் போகும் மோக் பாய் எல்லை இங்கிருந்து 70 கிலோமீட்டர்தான், காலையில் புனோம் பென்னில் ஏற்றிய சரக்கு அன்றைக்கே இந்தச் சந்துக்கு வந்துவிடுகிறது. அந்தப் பாட்டியின் தங்கை மகன் வாரந்தோறும் போய் வருகிறான். விட்டு வந்த ஊரின் சரக்கும் செய்தியும் இவர்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கின்றன. நம்மவர்களுக்கோ நடுவில் ஒரு கடல். நடந்தே திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேவிலேயே தங்கிவிட்ட தமிழர்களைப் பற்றி உன் அப்பா சொன்னதும் நினைவிருக்கிறது. ஒரு சாலை திறந்திருந்தால் உன் தாத்தா கடைசி வரை ரங்கூன் பெயரை எடுக்காமல் இருந்திருப்பாரா என்று யோசிக்கிறேன். என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது அந்தச் சந்தில் மாலையானால் இளைஞர்கள் கூட்டம், கையில் கேமராவோடு. பாட்டிக்கு அதில் மகிழ்ச்சிதான், பேத்திக்கு வியாபாரம் நடக்கிறதே என்கிறார். ஆனால் வருகிறவர்களில் ஒருவர்கூட நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்பதில்லையாம்.

அதனால் உனக்கு ஒரு வேலை. அம்மாவின் கண் தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேள். மொஹிங்கா செய்முறை, ரங்கூனில் எந்தத் தெருவில் வீடு, கப்பலில் என்ன எடுத்து வரவிட்டார்கள், சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அன்று எங்கே படுத்தார்கள், எல்லாவற்றையும். உன் எழுத்தில் வேண்டாம், அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுது, கயல்விழியையும் கூட வைத்துக்கொள். பிப்ரவரியில் இங்கே தெத் புத்தாண்டு விடுமுறை, அப்போது சென்னை வருகிறேன். பனைவெல்லமும் மிளகும் கொண்டுவருகிறேன். பிரஹோக்கை விமானத்தில் விடுவார்களா என்று விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஜெயபால்