தார் பொம்மையும் தார் டின்னும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்க அரசியல்வாதிங்க வாயக் குடுத்து மாட்டிக்கிட்ட வார்த்தைகள் பத்தின கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு எடத்துல இடிக்குது. "டார் பேபி"ங்கறத "கருப்புக் குழந்தை"ன்னு போட்டிருக்கீங்க. அது குழந்தையே இல்லீங்க, பொம்மை. முயல பிடிக்க நரி தாரையும் டர்பன்டைனையும் கலந்து செஞ்சு ரோட்டோரமா உக்கார வச்ச பொம்மை.

முயல் வருது, வணக்கம் சொல்லுது, பொம்மை வாயே தொறக்கல. மரியாதை தெரியாதான்னு ஓங்கி ஒரு குத்து, கை ஒட்டிக்குது, விடுறியா இல்லையான்னு இன்னொரு கை, அதுவும் போச்சு, அப்புறம் ரெண்டு காலு, கடைசியில தலை. கைய வச்சா எடுக்க முடியாத வில்லங்கத்துக்கு இங்கிலீஷ்ல இந்தப் பேரு வந்தது இப்படித்தான்.

கதைய சொன்னது அமெரிக்காவோட தென்பகுதியில அடிமையா இருந்த கருப்பின மக்கள். ஜார்ஜியாவுல ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ்ங்கற வெள்ளக்கார பத்திரிகைக்காரர், சின்ன வயசுல ஒரு பண்ணையில வேலை பாத்தப்ப அவங்ககிட்ட இந்த மாதிரி கதைகள கேட்டவர், 1879-ல இத பேப்பர்ல எழுதி 1880-ல புத்தகமா போட்டாரு. பழைய எஜமான் வீட்டு மேல பாசமா இருக்குற ஒரு கருப்பினக் கிழவர் வாயால சொல்ல வச்சதுதான் பல பேருக்கு இன்னிக்கும் கசப்பு. ஆனா கதை என்னவோ வலுத்தவன இளைச்சவன் புத்தியால ஏமாத்துற கதைதான்.

அப்ப திட்டா மாறினது எப்படின்னா, வெள்ளக்காரங்க கருப்புப் பிள்ளைங்களையே இந்தப் பேர சொல்லி கூப்பிட்டாங்க. இதையே தலைப்பா வச்சு 1981-ல நாவல் எழுதின கருப்பின எழுத்தாளர் டோனி மாரிசனும் இதத்தான் சொல்லியிருக்காங்க.

கட்டுரையாளர் எல்லா சர்ச்சையையும் ஒரே தட்டுல வச்சுட்டாரு, எனக்கு அதுதான் ஒத்துக்கல. 2006-ல மாசசூசெட்ஸ் கவர்னரா இருந்த மிட் ராம்னி பாஸ்டன் சுரங்கப்பாதை வேலைய "டார் பேபி"ன்னு சொல்லிட்டு மன்னிப்பு கேட்டாரு, பாவம் மனுசன் சிமெண்டையும் கான்கிரீட்டையும்தான் சொன்னாரு. 2011-ல அமெரிக்க எம்.பி. டக் லாம்போர்ன் சொன்னது, அப்ப அதிபரா இருந்த ஒபாமா கூட சேந்தா டார் பேபிய தொட்ட மாதிரி ஒட்டிக்கும்னு. அவரும் மன்னிப்பு கேட்டாரு, சரி, ஆனா சுரங்கத்த சொல்றதும் கருப்பின அதிபர தொட்டா ஒட்டிக்கும்னு சொல்றதும் ஒண்ணாங்க?

எனக்கு ஏன் இவ்வளவு சுருக்குனு படுதுன்னா, ஸ்கூல்ல என் பேரே "தார் டின்னு"தான். எங்க தெருவுல ரோடு போட வந்தவங்க டின்ன அடுக்கி வச்சிருந்தாங்க, பக்கத்து பெஞ்ச் பொண்ணு அதக் காட்டி "உங்க அக்கா நிக்கிறாடி"ன்னா, க்ளாசே சிரிச்சுது, டீச்சரும் சேந்துதான். அன்னிக்கு வரைக்கும் தார் டின்னுங்கறது எனக்கு வெறும் தார் டின்னுதான்.

இன்னொண்ணு, இந்த மாதிரி கதை ஆப்பிரிக்காவுலயும் நம்ம பக்கத்துலயும் உண்டு. கானாவுல அனன்சி சிலந்தி பிசின் பொம்மையில ஒட்டிக்கும், நம்ம பக்கம் புத்தரோட முற்பிறவிக் கதைகள்ல ஒண்ணான பஞ்சாவுத ஜாதகத்துல இளவரசன் ஒட்டுற முடி இருக்குற யட்சன்கிட்ட ரெண்டு கை, ரெண்டு கால், தலைன்னு அஞ்சு எடத்துல மாட்டிக்கிறான். அங்கெல்லாம் யாரோட நிறத்தையும் யாரும் இழுக்கல.

அதனால அடுத்த தடவ "தார் பொம்மை"ன்னே போடுங்க, கூட ரெண்டு வரியில கதையையும் போடுங்க. முக்கியமா "என்ன வேணா பண்ணு, அந்த முள்ளுப்புதர்ல மட்டும் தூக்கிப் போட்டுறாத"ன்னு முயல் கெஞ்சுறதும், நரி அங்கயே போடுறதும், "நான் பொறந்து வளந்ததே முள்ளுப்புதர்லடா"ன்னு அது கத்திக்கிட்டே ஓடுறதும் வரணும். என் பேரன் அந்த எடத்துக்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி