கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்ட அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

நேற்று என் படநோட்டின் கடைசிப் பக்கம் முடிந்தது. 14 மாதம், தினமும் ஒரு பக்கம். சில நாள் பக்கம் நிறைய இருக்கும், சில நாள் ஒரே ஒரு கோடு. முதலிலிருந்து புரட்டிப் பார்த்தபோது, இதில் எந்தப் பக்கமும் நான் தனியாக வரைந்ததில்லை என்று தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்களில் ஒருவர் தன் நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நேரில் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி நர்ஸ் அக்காவுக்கு. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. நீங்கள் வந்தீர்கள், சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டி எடுத்தீர்கள், கட்டிலை அப்படியே திருப்பினீர்கள். "இப்படிப் படுங்கம்மா, மரம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள். ஒரு நிமிஷ வேலை. அன்று சாயங்காலம் வரை அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தால் எல்லா இலையும் ஒன்றாக ஆடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு கிளை சிலிர்க்கும், பக்கத்துக் கிளை சும்மா இருக்கும், அப்புறம் அது தொடங்கும்.

இதைப் பற்றி 1984-லேயே ஓர் ஆய்வு வந்திருப்பதைப் பிறகு படித்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தவர் ராஜர் உல்ரிச். பாதிப் பேருடைய ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பியிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் படித்தபோது என் கண்முன் வந்தது உங்கள் முகம்தான் அக்கா.

அடுத்து, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு. வீடு திரும்பிய பிறகு பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த எனக்கு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். எனக்கு வரையத் தெரியாது என்றேன். "தெரிய வேண்டாம். பேப்பரைப் பார்க்காதே, இலையைப் பார். கண் எவ்வளவு மெதுவாக நகருதோ அவ்வளவு மெதுவாகப் பென்சில் நகரட்டும்" என்றீர்கள். அரை மணி நேரம் ஒரே ஒரு இலை. முடித்துவிட்டுப் பார்த்தால் இலை மாதிரியே இல்லை, கோடு எங்கேயோ தொடங்கி எங்கேயோ போயிருந்தது. நீங்கள் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இலையைக் கையால் மூடிக்கொண்டு, "இதில் பக்க நரம்பு எத்தனை?" என்று கேட்டீர்கள். "இடப்பக்கம் 7, வலப்பக்கம் 8" என்று யோசிக்காமலே சொன்னேன். நரம்புகள் நேருக்கு நேராகப் பிரியாமல் முன்னும் பின்னுமாகப் பிரிந்ததும், நுனிக்குப் பக்கத்தில் ஒரு பூச்சி கடித்த இடத்தில் ஓரம் தடித்து ஆறியிருந்ததும்கூட நினைவில் இருந்தது. எதற்காக வரையச் சொன்னீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்கு முன் பல வருடம், கண்ணை மூடி உட்காரப் பழகப் பார்த்திருக்கிறேன். பலருக்கு அது பெரிய துணை. எனக்குக் கண்ணை மூடினால் மறுநாள் வேலைகள்தான் வரிசையில் வந்து நிற்கும். கண்ணைத் திறந்துகொண்டே அமைதியாக இருக்க ஒரு வழி உண்டு என்று எனக்குக் காட்டியவர் நீங்கள்தான் ஐயா.

என் மகளுக்கு ஒரு தனிப் பத்தி. விடியும் முன்னே என்னை உலுக்கி எழுப்பினாயே, "அம்மா, சிலந்தி இப்பத்தான் கட்ட ஆரம்பிச்சிருக்கு, வா" என்று. எழுந்து வந்தேன், இரண்டு பேரும் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். முதலில் ஆரக்கால் போல நூல்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இடம் விட்டு விட்டு ஒரு சுருள். வலை முடிந்தது என்று நினைத்தேன். அது வெறும் சாரம்தான், ஒட்டாத நூல். அதன் மேல் நடந்து, வெளி ஓரத்திலிருந்து உள்ளே திரும்பி, ஒட்டும் நூலை நெருக்கமாக இழைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஆரக்காலிலும் பின்னங்காலால் நூலை இழுத்து ஒட்டியது. வரும் வழியிலேயே சாரத்தையும் அறுத்து எடுத்துவிட்டது. வேலை முடிந்ததும் நடுவில் தலைகீழாகத் தொங்கியது. அன்றைய பக்கத்தில் பாதி உன் படம், பாதி என் படம். பழைய வலையைத் தின்று அதிலிருந்தே புது நூல் செய்யும் சிலந்திகள் உண்டு என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய்.

அலுவலகத் தம்பிக்கும் நன்றி. மத்தியானம் கால் மணி நேரம் என் போன்களை நீங்கள் எடுத்துக்கொண்டதால்தான் வெளியே போய் வானத்தைப் பார்க்க முடிந்தது. கீற்று, திரள், படை என்று மேகங்களுக்குப் பெயர் சொல்லப் பழகியது அந்தக் கால் மணி நேரத்தில்தான். மேகங்களை இப்படி வகை பிரித்து 1802-ல் இலண்டனில் உரையாற்றியவர் லூக் ஹோவார்ட். பிழைப்புக்கு மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர். வானம் பார்ப்பதற்காக அவர் தொழிலை விடவில்லை என்பது எனக்குப் பெரிய தைரியம். எல்லாவற்றையும் விட்டு எங்காவது மலைக்குப் போனால்தான் மனம் அடங்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தவள்.

நடுவில் மூன்று வாரம் நோட்டைத் தொடவே மனம் வரவில்லை. ஒரு நாளுக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். அந்த நாட்களில் ஒரு கேள்வியும் கேட்காமல், தன் ஜன்னலில் பெய்த மழையின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பிய தோழிக்கு நன்றி.

வீட்டுக்காரருக்கு. நிலா தினமும் சராசரியாக 50 நிமிஷம் தள்ளித்தான் உதிக்கும். பௌர்ணமியிலிருந்து தொடர்ந்து வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ஒரு வாரத்தில் நள்ளிரவு ஆகிவிட்டது. எல்லாப் பாத்திரத்தையும் நீங்களே கழுவி வைத்துவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். தூக்கக் கலக்கத்தில் டார்ச் ஆடினதால் அந்தப் பக்கங்களில் கோடும் ஆடியிருக்கிறது. நோட்டிலேயே எனக்குப் பிடித்த பக்கங்கள் அவைதான்.

கடைசிப் பக்கத்தை மருத்துவமனை வாசலில் வரைந்தேன். நேற்று பரிசோதனைக்குப் போயிருந்தேன், எல்லாம் நன்றாக இருக்கிறது. கட்டிலிலிருந்து பார்த்த மரத்தை முதல் முறையாக அடியில் நின்று பார்த்தேன். கிளைகளுக்கு நடுவே அந்த ஜன்னல் தெரிந்தது, அதையும் சேர்த்து வரைந்திருக்கிறேன். அக்கா, நீங்கள் இரவுப் பணியில் இருப்பதாகச் சொன்னார்கள். படத்தின் நகல் ஒன்றை உங்கள் வார்டு மேசையில் கொடுத்து வைத்திருக்கிறேன். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவள்