மலாக்காவுக்குப் போகிறவர்கள் காஜா பெராங் வரை நடக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையை ஒட்டி, வார இறுதியில் குடும்பத்துடன் போய்வரத் தகுந்த ஊர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலாக்காவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆ ஃபமோசா கோட்டை வாசல், டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடங்கள், ஜோங்கர் சாலை இரவுச் சந்தை, ஆற்றுப் படகு, உருண்டை பிடித்த கோழிச் சோறு, சென்டோல் என்று எல்லாம் இருந்தன. பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும், காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி மட்டும் இல்லை. தமிழ் நாளிதழ் ஒன்று மலாக்காவைப் பற்றி எழுதும்போது அந்தக் கிராமம் விடுபட்டுப் போனதை என் மனம் ஏற்கவில்லை.

நான் கிள்ளானில் துணிக்கடை நடத்துகிறேன். மாமனார் தொடங்கிய கடை. அண்மையில் மகள் குடும்பமும் தம்பி குடும்பமுமாக ஒரு வேன் பிடித்து மலாக்காவுக்குப் போய்வந்தோம். சனிக்கிழமை காலையில் புறப்பட்டால் இரண்டு மணி நேரம். ஓர் இரவு தங்கி மறுநாள் மாலை திரும்பிவிடலாம். தங்கள் கட்டுரையில் இருந்த இடங்களையெல்லாம் நாங்களும் பார்த்தோம். அவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆற்றுப் படகு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. கடல்சார் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் ஏறினால், ஆற்றோடு மேலே தாமான் ரெம்பா வரை போய்த் திரும்புகிறது. இரு கரையிலும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழைய கிடங்குகள், அவற்றின் சுவர் நிறைய ஓவியங்கள். ஆறு வளையும் இடத்தில் கம்போங் மோர்டனின் மரவீடுகள். கரைச் சேற்றில் ஓர் உடும்பு அசையாமல் கிடந்ததைப் பார்த்துப் பேரன் போட்ட கூச்சலில் படகே திரும்பிப் பார்த்தது.

அந்த ஆறு அகலமானது அல்ல. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் நிற்பவரை அழைத்துப் பேசிவிடலாம். இதை நம்பியா உலகத்து வணிகர்கள் வந்தார்கள் என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வரவில்லை. கடலில் நங்கூரமிட்டு நின்றன. சிறு படகுகள் சரக்கை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்தன. ஆற்றின் ஒரு கரையில் சுல்தானின் அரண்மனை. மறுகரையில் உப்பே என்ற வணிகர் குடியிருப்பு; தமிழ் வணிகர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள். இரண்டையும் இணைத்தது ஒரு பாலம், அந்தப் பாலத்தின் மேலேயே கடைகள். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் படையோடு வந்தபோது முதலில் பிடிக்கப் பார்த்ததும் அந்தப் பாலத்தைத்தான். இன்று சிவப்புச் சதுக்கத்திலிருந்து ஜோங்கர் சாலைக்குப் போக நாம் கடக்கும் பாலம் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கிறது. அதில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் இருக்காது.

துணி வியாபாரி என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த சரக்கில் முதன்மையானது துணி. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிய பருத்தித் துணியைக் கொடுத்துத்தான் மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பையும் பண்டாவின் சாதிக்காயையும் வாங்கினார்கள். பணத்தை விடத் துணிக்கு அந்தத் தீவுகளில் மதிப்பு இருந்தது. எங்கள் கடையில் மலாய் வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கும் கட்டம் போட்ட பெலிக்காட் கைலி அந்தப் பழவேற்காட்டுத் துணியின் வழித்தோன்றல். நெசவாளியும் வணிகரும் சேர்ந்து ஒரு துறைமுகத்தையே வாழ வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள், காற்றுத் திரும்பும் வரை ஊருக்குப் போக முடியாது. மாதக்கணக்கில் மலாக்காவிலேயே தங்க வேண்டும். அப்படித் தங்கியவர்களில் பலர் அந்த மண்ணின் பெண்களை மணந்து, குடும்பமாகி, அங்கேயே நிலைத்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தாம் மலாக்கா செட்டிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இவர்கள் வேறு, அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னாலேயே இங்கே வேர்விட்டவர்கள்.

சுல்தான் காலத்தில் மலாக்காவின் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். குஜராத்தியருக்கு மட்டும் ஒருவர். தமிழருக்கும் வங்காளம், பர்மாவின் பெகு, சுமத்ராவின் பாசாய் நாட்டாருக்கும் சேர்த்து ஒருவர். போர்த்துகீசியர் ஊரைப் பிடித்த பிறகு, அவர்களின் ஏடுகள் நினா சாத்து என்று குறிப்பிடும் தமிழ் வணிகரைப் பெண்டஹாரா என்னும் உயர் பதவியில் நியமித்தார்கள். அவர்களோடு கூட்டுச் சேர்ந்து கப்பல் அனுப்பும் அளவுக்கு வசதி படைத்தவர். 1514இல் அந்தப் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் தீயில் இறங்கி உயிரை விட்டார். படையெடுத்து வந்தவனுக்குத் துணைபோனவர் என்று அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் முடிவைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கரையில் நம்மவர் எத்தனை உயரத்தில் இருந்தார்கள், எதற்காக உயிரையே கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது நடக்கும் பாதையைச் சொல்கிறேன். ஜோங்கர் சாலைக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனால் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். அதிலிருந்து சில நிமிட நடையில், ஜாலான் துக்காங் எமாஸில், 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். நாலு பக்கமும் சரிந்து அடுக்கடுக்காக எழும் கூரையும், பகோடா போன்ற மினாராவும் கொண்டது. உள்ளூர்க் கைவண்ணம் எப்படியெல்லாம் கலந்திருக்கிறது என்று அங்கே நின்று பார்க்க வேண்டும். அதே தெருவில், பக்கத்திலேயே, ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் 1781இல் செட்டி சமூகத்தார் எழுப்பியது. நம் நாட்டில் இன்றும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 2008இல் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்காவை யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்ததற்கு இந்தத் தெருவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். நாங்கள் போன நேரம் கோயிலில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நூறடி தள்ளி ஜோங்கர் சாலையில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். அதில் தமிழ்க் குரல்களுக்கும் குறைவில்லை.

அங்கிருந்து காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வெயிலில் பிள்ளைகளோடு மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. குறுகிய தெருக்கள், திண்ணை வைத்த தாழ்வான வீடுகள், நிலைப்படியில் மாவிலைத் தோரணம், சுவரில் சாமிப் படங்கள். 1822இல் அமைந்த முத்துமாரியம்மன் கோயில் ஊருக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஏப்ரல், மே மாத வாக்கில் நடக்கும் டத்தோ சாச்சார் திருவிழாவில் காவடி எடுக்கிறார்கள். சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. பித்தளைப் பாத்திரங்கள், பூசைப் பொருட்கள், திருமண உடைகள். பெண்கள் சரோங் கெபாயா, ஆண்கள் கைலியும் தலைப்பாகையும். அங்கிருந்த பழைய துணிகளின் முன்னால் என்னை நகர்த்த என் மகள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி எங்களைக் கண்டு மலாயில் நலம் விசாரித்தார். நானும் அவரை நேனே, அதாவது பாட்டி, என்று அழைத்து மலாயிலேயே பேசினேன். பொங்கலைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. போகியன்று இறந்துபோன முன்னோருக்கு வாழையிலையில் வகைவகையாகப் படைப்பார்களாம். அதற்குப் பார்ச்சு என்று பெயர். அந்த இலையில் சோறும் காய்கறியும் மட்டும் அல்ல, நாசி லெமாக்கும் இருக்கும். ஆண்டின் நடுவில் பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சு. என் பாட்டி செய்த படையலும் இதுதான். இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, வீட்டார் சாப்பிடும் முன் அவர்களை உண்ண அழைப்பதுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இன்னொரு தமிழ்க் கூட்டம் வந்தது. அதில் ஒருவர் அந்த அம்மையார் காதுபடவே, "தமிழே பேசத் தெரியாதாம், இவர்கள் எப்படித் தமிழர்?" என்று கேட்டுச் சிரித்தார். நேனேவுக்குச் சொல் புரிந்ததோ இல்லையோ, சிரிப்பு புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. சிரித்த அந்த மனிதரிடம் அங்கேயே சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஜப்பானியர் என்று இத்தனை ஆட்சிகளின் கீழ் இவர்கள் தங்கள் சாமியை விடவில்லை. தாய்நாட்டோடு போக்குவரத்து அற்றுப்போன காலத்திலும் பொங்கலை விடவில்லை, தீபாவளியை விடவில்லை. பிள்ளை, செட்டி, நாயக்கர் என்ற குடும்பப் பெயர்களைக்கூட இன்றுவரை வைத்திருக்கிறார்கள். தாய்மார்கள் மலாய் பேசினார்கள், பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் கொள்ளுத்தாத்தாக்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, வானொலி இருக்கிறது, தங்களைப் போன்ற நாளிதழ்கள் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும், இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அதை எழுத்துக்கூட்டாமல் படிக்க என் பேரப்பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் முடியும். ஐந்நூறு ஆண்டு கழித்து நம் வழியில் வருகிறவர்கள் படையல் போடுவார்களா, அதைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இந்தச் சமூகத்துக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இவர்களின் அருமை தெரிந்திருக்கிறது. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் நாம் ஜோங்கர் சாலையில் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

சுற்றுலா நடத்துகிற தமிழ் அமைப்புகளும் கோயில் சங்கங்களும் மலாக்காப் பயணத்தில் அரை நாளைக் கம்போங் செட்டிக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவில் கோட்டை வாசலுக்கு இருக்கும் இடம் பொய்யாத விநாயகருக்கும் இருக்கட்டும். போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அது மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் வீட்டுக்குள் படம் எடுக்காதீர்கள். தெருக்கள் குறுகலானவை என்பதால் பெரிய பஸ்ஸை உள்ளே கொண்டுபோகாமல் வெளியே இறங்கி நடந்து போங்கள். பார்ச்சு நடக்கும் நேரத்தில் அழைப்பில்லாமல் நுழையாதீர்கள். அது குடும்பத்தார் தங்கள் முன்னோரோடு இருக்கும் நேரம். மலாய் நமக்கெல்லாம் தெரியும். அந்த மொழியில் அன்பாகப் பேசினால் போதும்.

ஆற்றங்கரையிலும் அந்த மூன்று வழிபாட்டு இடங்கள் இருக்கும் தெருவிலும் கையில் வைத்துப் பார்த்து நடக்கத் தமிழில் ஒரு சிறு கையேடு இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்! நாங்கள் நடந்த வழியில் அப்படி ஒன்று எங்கள் கண்ணில் படவில்லை. யாராவது எழுத முன்வந்தால் அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். என் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒன்று போட்டுக் கொடுக்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கு முன் கம்போங் செட்டியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். அதை எழுதும்படி அந்தக் கிராமத்துக்காரர் ஒருவரையே கேளுங்கள். அவர் மலாயில் எழுதிக் கொடுத்தால் தமிழாக்கித் தாருங்கள். அவருடைய பெயரிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
துணிக்கடை நடத்தும் ஒரு வாசகி,
கிள்ளான்