பெட்டியாக வாங்காதே, செண்பகம்

கும்பகோணம்

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்தது. மேட்டூர் தண்ணீர் உங்கள் கடைமடை வரைக்கும் வந்து சேர்ந்ததையும் நாற்றங்கால் நன்றாகப் பிடித்திருப்பதையும் படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம்.

கடைசிப் பக்கத்தில் அடித்து அடித்து எழுதியிருந்த விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு வறட்சியும் இறுக்கமுமாக இருக்கிறது, உடல்சுகத்துக்கு வைப்ரேட்டர் என்ற அதிர்வுக் கருவி செட் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பிரசவ வார்டில் காலம் தள்ளியவள் நான். பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்க முடியாமல் பத்து வருஷம், பதினைந்து வருஷம் வலியோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நீ கேட்டுவிட்டாய், எனக்குச் சந்தோஷம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரு கைப்பிடி, மாற்றி மாற்றிச் செருக ஏழு தலை, எல்லாம் ரோஸ் கலர், ஒரே பெட்டி, விலையும் மலிவு. அதை வாங்காதே. அந்த ஏழில் ஆறு பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அது போனால் போகட்டும். அவை எதனால் செய்தவை என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் போடவில்லை, கவனித்தாயா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நிறம், வடிவம், எத்தனை விதமாக அதிரும் என்பதெல்லாம் அப்புறம்.

ஜெல்லி என்று விற்கும் மெத்தென்ற, கண்ணாடி மாதிரி தெரியும் பொருள் பெரும்பாலும் பிவிசி. அதை வளையவைக்க தாலேட் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் சில தாலேட்டுகளை ஐரோப்பாவில் தடை செய்தே பல வருஷமாகிறது. உறையைப் பிரித்தாலே புது ரெயின்கோட் வாடை அடிக்கும், தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், இரண்டு மாதம் பெட்டியில் கிடந்தால் மேலே வேர்த்த மாதிரி ஈரம் கசியும். டிபிஇ, டிபிஆர் என்று போட்டிருக்கும் ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்குகள் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எவ்வளவு கழுவினாலும் கிருமி உள்ளே தங்கும். மெடிக்கல் கிரேடு சிலிகான், ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக், எவர்சில்வர், போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி, இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றில் துளை கிடையாது. பெட்டியில் ஐஎஸ்ஓ 3533 என்று இருந்தால் இன்னும் நல்லது. இப்படிப்பட்ட பொருள்களுக்கென்றே 2021-ல் வந்த சர்வதேசத் தரவிதி அது. கையில் வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, அச்சில் வார்த்த இடத்தில் ஓடும் கோட்டை நகத்தால் தடவிப் பார். நகத்தில் தட்டினால் உன் உடம்பிலும் உரசும். திருப்பி அனுப்பிவிடு.

உனக்கு எது வேண்டும் என்று தெரிய, உனக்கு என்ன ஆகிறது என்று முதலில் தெரியணும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. யோனியின் உட்தோல் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, ஈரம் வற்றுகிறது. நீ எழுதிய எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் போகிறதும் அதனாலேயே இருக்கலாம். இதற்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு, உள்ளே தடவிக்கொள்வது. டாக்டர் பார்த்து எழுதித் தரவேண்டும், நீயாகக் கடையில் கேட்டு வாங்காதே. இன்னொன்றும் சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதே. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவின் போதோ இந்தக் கருவியாலோ கீறிக்கொண்டது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

சரி, எதை வாங்கலாம்? ஒன்றொன்றாக வாங்கு. இரண்டு போதும், அதுவே உன் செட். முதலில் ஒரு சின்னது, விரல் நீளம், வெளியே மட்டும் வைத்துக்கொள்வது. புல்லட் என்று விற்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு உச்சம் வருவது யோனி வாய்க்கு மேலே இருக்கும் கிளிட்டோரிஸால்தான். நம் காலத்து நர்சிங் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிது. வெளியே பட்டாணி அளவு தெரிகிறதே, அது நுனி மட்டும். மீதி உள்ளே இரண்டு பக்கமும் கால் பரப்பிக்கொண்டு யோனியை ஒட்டி இறங்குகிறது. ஆஸ்திரேலியாவில் ஹெலன் ஓ'கானல் என்ற பெண் சிறுநீரக அறுவை மருத்துவர் 1998-ல்தான் இதை அறுத்துப் பார்த்து முழுசாக எழுதினார். மனிதன் நிலாவுக்குப் போய் வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து! எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் கோபம் வருகிறது. அதனால் உள்ளே போகும் பெரியதுதான் வேலை செய்யும் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

அதில் பழகிய பிறகு இரண்டாவது. மெலிசாக, நுனியில் லேசாக வளைந்த, சிலிகான் போர்த்தியது. தடிமன் உன் இரண்டு விரல் சேர்ந்த அளவுக்கு மேல் வேண்டாம். உனக்கு இருக்கும் இறுக்கத்துக்கு அதுவே ஜாஸ்தியாகப் படலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த பெண்களுக்கு யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலேட்டர் என்ற வழுவழுப்பான குச்சி மாதிரியான கருவியைக் கொடுத்துப் பழக்குவார்கள். சின்ன அளவில் ஆரம்பித்து, அவசரப்படாமல், வலித்தால் நிறுத்தி. அதே முறைதான் உனக்கும். கைப்பிடியோடு இருக்கும் வாண்ட் வகை பலம் அதிகம், சத்தமும் அதிகம். உங்கள் வீட்டில் தாழ்வாரத்தில் மாமியார் படுத்திருக்கிறார், அது உனக்குச் சரிப்படாது. உறிஞ்சுகிற மாதிரி காற்றழுத்தத்தில் வேலை செய்வது ஒன்று ஜெர்மனியில் 2014-ல் வந்தது, பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதன் வாய்க்குழிக்குள் சுத்தம் செய்வது கஷ்டம். முதலாவதாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அதிர்வு எத்தனை விதம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். இருபது விதம் இருந்து என்ன? வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, பொத்தான் இருட்டில் கைக்குத் தட்டுப்படுகிறதா, பையில் கிடக்கும்போது தானாக ஓடாமல் இருக்கப் பூட்டு இருக்கிறதா, இதைப் பார். தண்ணீர் தாங்கும் அளவு ஐபிஎக்ஸ்7 என்று இருக்கட்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது என்று அர்த்தம். அப்போதுதான் பயமில்லாமல் குழாயில் கழுவலாம்.

அப்புறம் வழுவழுப்புக்கு என்ன போடுவது. நீ தேங்காய் எண்ணெய் என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம், தண்ணீரை அடிப்படையாக வைத்துச் செய்த லூப்ரிகண்ட் ஜெல் வாங்கு. சிலிகான் கருவியில் சிலிகான் லூப்ரிகண்ட் படக்கூடாது, மேல்பரப்பு பிசுபிசுத்து உரியும். எண்ணெய் பட்டால் ஆணுறை கிழியும், கழுவினாலும் சீக்கிரம் போகாது, சிலருக்குத் தொற்றும் வருகிறது. தண்ணீர் லூப்ரிகண்டிலும் எல்லாம் ஒன்றல்ல. யோனிக்கு இயல்பாகவே கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு, அதனால் ஜெல்லிலும் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.5 ஒட்டி இருப்பது நல்லது. ஆஸ்மோலாலிட்டி என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஜெல்லில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்று காட்டுவது. உலக சுகாதார நிறுவனம் 1200-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. மேலே போனால் தோலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இன்னும் வறட்சியாக்கும். வாசனை போட்டது, ‘சூடு தரும்’ என்று எழுதியிருப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். காய்ந்து போனால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள், சிக்கனம் பார்க்காதே.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊர்த் தண்ணீர் எனக்குத் தெரியும். பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத மென்மையான சோப்பு, அவ்வளவுதான். டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். மோட்டார் உள்ளதைக் கொதிக்க வைக்காதே, மோட்டாரே இல்லாத முழு சிலிகானை மட்டும் ஐந்து நிமிஷம் கொதிக்க விடலாம். போர் தண்ணீர் உங்கள் பக்கம் உப்பு. அதில் அலசிவிட்டு அப்படியே வைத்தால், சார்ஜ் ஏறும் இரண்டு உலோகப் புள்ளியில் வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிறகு சார்ஜ் ஏறாது. கடைசியாக ஒரு டம்ளர் குடிதண்ணீரில் அலசு. ரப்பர் மூடி இருந்தால் அதைத் தூக்கி அடியில் பார், சோப்பு நுரை அங்கேதான் ஒளிந்திருக்கும். மென்மையான டூத் பிரஷ் ஒன்று இதற்கென்றே வைத்துக்கொள். மோட்டாருக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்திலும் ஓட்டு. நூல் உதிராத துணியில் ஒற்றி, நிழலில் காற்றாட வை. வெயிலில் வேண்டாம்.

முழுசாகக் காய்ந்த பிறகு தனித்தனிப் பருத்திப் பையில் போடு. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால், மட்டமான சிலிகான் நல்லதையும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அலமாரித் துணியே பூசணம் பிடிக்கிற ஊர் நம்முடையது. அதனால் மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா பொட்டலத்தைப் போட்டு, ஒரு டின்னில் மூடி வை. பையை அடிக்கடி துவைத்துக் காயவை. சித்திரையில் ஓட்டுக்குக் கீழே பரணில் வைக்காதே, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வேண்டாத மாதங்களிலும் அவ்வப்போது பாதி சார்ஜ் ஏற்றி வை, அடியோடு இறங்கிப்போனால் பேட்டரி செத்துவிடும். காந்தத்தில் ஒட்டிச் சார்ஜ் ஏறும் வகையாக இருந்தால், பேஸ்மேக்கர் வைத்திருக்கும் உன் மாமனாருக்குப் பக்கத்தில் அந்தச் சார்ஜரைக் கொண்டுபோகாதே. சிலிகானில் வெடிப்போ பிசுக்கோ தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடு.

பழகிவிட்டால் உணர்ச்சி மரத்துப் போகுமா என்று கேட்டிருந்தாய். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் பலமாக வைத்தால் கொஞ்ச நேரம் மரமரவென்று இருக்கும், தானே சரியாகிவிடும். அமெரிக்காவில் 2009-ல் வந்த ஓர் ஆய்வில் 18 முதல் 60 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வைப்ரேட்டர் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை என்றே சொன்னார்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் ‘ஹிஸ்டீரியா’ என்ற நரம்பு வியாதி இருப்பதாகச் சொன்ன பெண்களுக்கு வைத்தியமாக இந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்று உன் மகள் எங்கேயோ படித்ததாக எழுதியிருந்தாய். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லையென்று 2018-ல் இரண்டு ஆய்வாளர்கள் மூலங்களைத் தேடிப் பார்த்து எழுதிவிட்டார்கள். 1880-களில் மின் அதிர்வுக் கருவி செய்த கிரான்வில் என்ற ஆங்கிலேய டாக்டர் அதைத் தசைவலிக்குத்தான் செய்தார். நாம் வியாதிக்காரர்கள் இல்லை, செண்பகம். நமக்கு வேண்டியது என்று வாங்கிக்கொள்கிறோம்.

உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஒதுங்கிப் படுப்பதை உன்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அவருக்கு இருக்கும் சர்க்கரை வியாதி, நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதிக்கும். அவருக்கு முடியாமல் இருக்கலாம், சொல்ல வாய் வராமல் இருக்கலாம். விறைப்புக் குறைவது சிலருக்கு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். ஆகவே அவரை ஒரு தடவை இதய டாக்டரிடமும் காட்டு. புல்லட்டை ஒளித்து வைப்பதா சொல்லிவிடுவதா என்பது உன் முடிவு. நீ கேட்டால், சொல்லிவிடு என்பேன். இதை அவர் உடம்பிலும் வைக்கலாம், இரண்டு பேருக்குமானதாக ஆக்கிக்கொள்ளலாம். நடுவில் மாற்றிக்கொண்டால் கழுவிவிட்டு, அல்லது மேலே புது ஆணுறை போட்டு. பின்பக்கத்துக்கு மட்டும் இந்த இரண்டையும் கொண்டுபோகவே கூடாது. அடியில் அகலமான தட்டு இல்லாதது உள்ளே போய்விட்டால் ஆபரேஷன் தியேட்டர் வரை போகவேண்டி வரும்.

சட்டம் என்ன சொல்லும் என்ற பயம் உனக்கு வேண்டாம். ‘பாடி மசாஜர்’ என்ற பெயரில் கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கிறார்கள். சுங்கத்துறை பிடித்துவைத்த பாடி மசாஜர்கள் தடை செய்யப்பட்ட பொருளல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெட்டிமேல் என்ன இருக்கிறதென்று எழுதாமல் அனுப்புகிற கடையாகப் பார். உங்கள் தெருவில் கொரியர் பையன் முதல் பூக்காரம்மா வரை எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அதனால் என் முகவரிக்கே போட்டுவிடு. பார்சல் வந்ததும் நான் பிரித்துப் பார்க்கமாட்டேன். பெரியவளுக்கு ஏழாம் மாதம், ஆவணி கடைசியில் வளைகாப்பு வைத்திருக்கிறோம், வரும்போது எடுத்துக்கொண்டு போ. வேண்டுமென்றால் இங்கேயே என் அறையில் பிரித்து, நான் சொன்னபடி நகம் வைத்துப் பார்த்து, சரியில்லையென்றால் இங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பு, பொருள் என்ன என்று போட்டிருக்கும் வரி தெரிகிற மாதிரி. பெண் டாக்டரிடம் எப்போது போகிறாய் என்றும் எழுது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் காலை பஸ்ஸில் நானே வருகிறேன்.

அன்புடன்,
வசந்தி