கலைப்பு முடிந்த பெண்ணிடம் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும், அங்கே பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்களுக்கும் வணக்கம்.

பாபநாசம் பக்கத்தில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவள் நான். கருக்கலைப்பு சரியா தப்பா என்று பேச வரவில்லை. அதற்கு 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. கலைப்பு முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் பக்கம் இரண்டு பேச்சு உண்டு. ஒருமுறை கலைத்தால் அப்புறம் வயிற்றில் எதுவும் தங்காது என்பது ஒன்று. கலைத்த கையோடு உண்டாகாது, ஒரு தடவை மாதவிலக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. ஆனால் ஒரே பெண் இரண்டையும் நம்புகிறாள்.

இரண்டாவதில்தான் அவசரம். ஆரம்ப வாரங்களில் கலைத்தால் எட்டாம் நாளிலேயே கூட அடுத்த கருமுட்டை வெளிவரலாம். பெரும்பாலோருக்கு ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். அதாவது அடுத்த மாதவிலக்கைப் பார்க்காமலே மறுபடி முழுகாமல் ஆகலாம். எங்கள் குழுவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாத்திரையில் கலைத்தாள். அவளுக்குக் கொடுத்த சீட்டில் ஆங்கிலத்தில் மருந்துப் பெயரும், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு வரியும்தான். குறுவை நடவு நேரம், கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? பிறகு நாள் தள்ளியது. வீட்டிலேயே சோதித்தாள், இரண்டு கோடு. பழைய கருவின் ஹார்மோன் சில வாரம் உடம்பில் தங்கி இப்படிக் காட்டுவது உண்டுதான். அதைச் சொல்லியே "மிச்சம் இருக்கும், பயப்படாதே" என்று யாரோ தேற்ற, அவளும் இருந்துவிட்டாள். அது புதுக் கரு.

மாத்திரையில் இல்லாமல் கருவியால் கலைத்தவர்களுக்கு, கிருமித் தொற்று இல்லையென்றால், மறுபடி உண்டாகாமலிருக்க அன்றைக்கே காப்பர் டி போடலாம். கருத்தடை மாத்திரையையும் காத்திருக்காமல் தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி உங்களிடமே இலவசம். ஆனால் அதை நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் கலைப்போம்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இனி முதல் பயம். திருக்கருகாவூர் எங்களுக்குக் கிட்டத்தில்தான். குழந்தை வரம் கேட்டு கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய் வாங்க வரும் பெண்களிடம் பேசினால், என்றைக்கோ கலைத்ததற்கு இது தண்டனை என்று சிலர் மெதுவாகச் சொல்வார்கள். நெய் வாங்கட்டும், நானும் வாங்கியவள்தான். ஆனால் முறையாகச் செய்த கலைப்பு பிள்ளைப்பேற்றைப் பறிக்காது என்று டாக்டர் வாயால் ஒரு தடவை கேட்டிருந்தால் இத்தனை வருஷம் மனதுக்குள் புழுங்கியிருக்க மாட்டார்கள். கெடுதல் வருவது தொற்றைக் கவனிக்காமல் விட்டால். அதில் கருக்குழாய் அடைபடலாம். பழைய முறையில் திரும்பத் திரும்பச் சுரண்டினால் கர்ப்பப்பை உள்சுவர் ஒட்டிக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனமே அதை விட்டுவிட்டு உறிஞ்சி எடுக்கும் முறைக்கு மாறச் சொல்கிறது. காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவு ரத்தம் என்றால் விடியட்டும் என்று படுத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை அவள் வீட்டுக்குப் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு வருஷம் சேர்ந்திருந்தும் கரு நிற்கவில்லை என்றால் (முப்பத்தைந்து தாண்டியவள் ஆறு மாதத்திலேயே) இருவரையும் சோதியுங்கள். கணவரின் விந்துப் பரிசோதனை சுலபமானது. ஆனாலும் "புழு பூச்சி உண்டா" என்ற கேள்வி எப்போதும் அவளிடம்தான் வருகிறது.

அப்புறம், ஓ.பி.யில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது "இதுக்கு முன்னாடி கலைச்சிருக்கியா?" என்று சத்தமாகக் கேட்பதை நிறுத்துங்கள். இல்லை என்றுதான் சொல்வாள், உங்கள் சிகிச்சையும் தப்பான தகவலில் தொடங்கும். அந்த 1971 சட்டத்துக்கு 2021-ல் வந்த திருத்தத்தின்படி கலைத்தவளின் விவரத்தை வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. அதையும் சில இடங்களில் கேட்கிறார்கள்.

நான் கேட்பது தமிழில் அரைத்தாள். எப்போது மறுபடி உண்டாகலாம், எதைக் கண்டால் ஓடி வர வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்கலாம், அவ்வளவு போதும். கொடுப்பதற்கு முன் அவளைத் தனியாக உட்கார வைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். தலைப்பில் கருக்கலைப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாள் போய்ச் சேரும் வீட்டில் மாமியாரும் படிக்கத் தெரிந்தவர்.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு மகளிர் குழுப் பெண்