திருப்பணி நிறைவு அறிக்கை: கோமுகம் முதல் நாலா வரை

மும்பை தாராவி, நமது அம்மன் கோயில் உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

விமானத்துக்கு வண்ணம் பூசுதல், மகா மண்டபத் தளவரிசை, மடைப்பள்ளிக் கூரை ஆகிய மூன்றும் பொதுக்குழுவின் ஒப்புதல்படி முடிந்து, குடமுழுக்கும் மண்டலாபிஷேகமும் அம்மன் அருளால் இனிதே நிறைவேறின. இவற்றை நீங்கள் நேரில் கண்டிருப்பதால் விரித்துரைக்கவில்லை. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. தரைக்கடியில் இருப்பதால் கண்ணில் படாததும், "சாக்கடைக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கூட்டத்தில் கேட்கப்பட்டதுமான வடிகால் வேலையைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய தளக்கல்லைப் பெயர்த்தபோதுதான், கருவறைச் சுவரின் நீர்த்தூம்பான கோமுகத்திலிருந்து வரும் அபிஷேக நீரும் மண்டபம் கழுவிய நீரும் எந்தத் தடுப்புமின்றிச் சந்துச் சாக்கடையில் விழுந்து, நாலா எனப்படும் பெரிய கழிவுநீர்க் கால்வாய் வழியாக மித்தி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கிச் சுமார் 18 கி.மீ. ஓடும் மித்தி, நமக்கு அருகிலேயே மாகிம் கழிமுகத்தில் அரபிக்கடலைச் சேர்கிறது. பருவமழையில் ஏற்ற அலை மாகிம், தாதர் கரைகளில் குப்பையைத் திரும்ப வீசிவிட்டுப் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் நம் கோயிலின் பங்கும் இருந்திருக்கிறது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்த 2005 ஜூலை 26-ஐ மறக்காதவர்களுக்கு, வடிகால் அடைத்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோமுகத்துக்கு வெளியே இரு அறைகள் கொண்ட தொட்டி கட்டப்பட்டது. முதல் அறையில் மஞ்சள், சந்தனம், திருநீறு படிகின்றன. இரண்டாவதில் கழற்றி மாட்டும் சல்லடை இருக்கிறது. கடற்காற்றில் இரும்பு நிற்காது என்பதால் எவர்சில்வர் போட்டோம். செலவு கூடியதற்கு அதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் குழுவின் தவறு. நெருக்கமான கண்ணி உள்ள ஒரே சல்லடை போதும் என்று நினைத்தோம். முதல் வெள்ளிக்கிழமை பாலாபிஷேகத்தின்போது பூ அதில் ஒட்டி அடைத்துக்கொள்ள, பால் மண்டபத்துக்கே திரும்பி வந்து வரிசையில் நின்றவர்களின் கால்களை நனைத்தது. பூவைப் பிடிக்க முன்னால் ஓர் அகலக் கண்ணிச் சல்லடையைச் சாய்த்து வைக்கும்படி கொத்தனார் சொன்னார். அவர் இதை முன்பே சொல்லியிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நெருக்கச் சல்லடையைத் தட்டிப் பார்த்தபோது, கற்பூர உறைகள், மாலை நூல் ஆகியவற்றோடு, விரல் நகமளவு வெள்ளையும் நீலமுமான துண்டுகள் நிறையக் கிடந்தன. அபிஷேகத்துக்கு வரும் பால் பாக்கெட்டுகளின் வெட்டிய மூலைகள் அவை. 2018-இல் மாநில அரசு தெர்மாகோல் தட்டுகளைத் தடை செய்தபின் அன்னதானத்துக்குத் தைத்த இலைக்கு மாறிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாம், இத்தனை வருடங்களாகப் பாலோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கடலுக்கு அனுப்பியிருக்கிறோம். இப்போது அர்ச்சகர் மூலையை முழுவதும் துண்டிக்காமல், பையோடு தொங்கும்படி வெட்டுகிறார். காலிப் பைகள் கழுவிக் காயவைத்துப் பழைய பொருள் கடைக்குப் போகின்றன. நிர்மால்யப் பூ, நூல் பிரித்தெடுக்கப்பட்டு மொட்டைமாடி உரத்தொட்டிக்குப் போகிறது. கொடை விழாவில் முளைப்பாரி பிளாஸ்டிக் தட்டில் அல்லாமல் மண்சட்டியில் மட்டுமே ஏற்கப்படும்.

நமது ஒரு சல்லடையால் மித்தி சுத்தமாகிவிடும் என்று குழு கருதவில்லை. நாலாவின் எதிர்க்கரையில் என்ன விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சல்லடையைக் கழுவாமல் விட்டால் முதல் மழையிலேயே மண்டபத்தில் தண்ணீர் ஏறும். செவ்வாய், வெள்ளி இரவுகளில் நடை சாத்தியபின் கழுவ வேண்டும். வெள்ளிக்கு நான்கு பேர் பெயர் கொடுத்துள்ளனர்; செவ்வாய்க்கு இதுவரை ஒருவரும் இல்லை. தொட்டி மூடியின் சாவி அலுவலக அறையில், நாட்காட்டிக்குக் கீழே உள்ள ஆணியில் இருக்கிறது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு